எரிமலைக் குழம்பும் இல்லை, விதியும் இல்லை, அண்ணா

இது நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். படிக்காமலேயே கீழே வந்து ‘அருமை டீச்சர்’ என்று போடுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். 33 வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் என் அண்ணன் ஒரு படத்தைப் போட்டிருந்தார். கலங்கிய தண்ணீரில் கழுத்தளவு மூழ்கி, ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, கண் கறுத்துப் போய் ஒரு சிறுமி. பலரும் பார்த்திருப்பீர்கள். படத்துக்குக் கீழே: ‘எரிமலைக் குழம்பில் சிக்கி மூன்று நாள் போராடி இறந்த சிறுமி. இயற்கையின் சீற்றத்துக்கு முன் மனிதன் வெறும் தூசு. எல்லாம் விதி. பத்துப் பேருக்கு அனுப்பவும்.’ குழுவில் வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். நான் ‘இது தவறான தகவல்’ என்று ஒரே ஒரு வரி போட்டேன். அதற்கு அண்ணன், ‘உன் புவியியல் புத்தகத்துல விதி பத்திப் பாடம் இருக்காதும்மா’ என்று எழுதினார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

சரி, அண்ணா. புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறேன். இல்லாததையும் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளையின் பெயர் ஒமைரா சான்செஸ். வயது 13. ஊர் ஆர்மெரோ, தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும், இப்போது அந்த ஊர் இல்லை. 1985 நவம்பர் 13 இரவு அது போயிற்று. படத்தை எடுத்தவர் ஃபிராங்க் ஃபூர்னியே என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர். அதற்கு உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது கிடைத்தது.

முதலில் அந்தக் ‘குழம்பு’. பூமிக்குள்ளிருந்து வரும் உருகிய பாறையின் வெப்பம் 700 டிகிரியிலிருந்து 1,200 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதற்குள் கழுத்தளவு நின்றுகொண்டு ஒரு குழந்தை மூன்று நாள் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருக்க முடியுமா? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வர வேண்டிய சந்தேகம் இது. எம்.இ., எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் எல்லாம் அந்தக் குழுவில் இருக்கிறீர்கள், ஒருவருக்கும் வரவில்லை. ஒமைராவைப் பிடித்து வைத்திருந்தது சேறும் தண்ணீரும். அவளுடைய சொந்த வீட்டின் இடிபாட்டில் கால்கள் மாட்டிக்கொண்டன. தண்ணீரை இறைத்துவிட்டுக் காலை விடுவிக்க ஒரு நல்ல பம்பு தேவைப்பட்டது. அது நேரத்துக்கு வந்து சேரவில்லை. நவம்பர் 16 அன்று அவள் இறந்தாள்.

ஆர்மெரோவை அழித்த அந்தச் சேற்றுக்கு ‘லஹார்’ என்று பெயர். ஜாவா மொழிச் சொல். எரிமலைச் சேற்றோட்டம் என்று தமிழில் சொல்லலாம்.

இங்கே என் தவறை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எரிமலைப் பாடம் என்றால் நான் கரும்பலகையில் என்ன வரைவேன் என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு கூம்பு, நடுவில் குழாய், உச்சியிலிருந்து சிவப்புச் சாக்பீஸில் வழிகிற குழம்பு. அறிவியல் கண்காட்சிக்குக் களிமண்ணில் மலை செய்து, சோடா உப்பில் குங்குமம் கலந்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பொங்க வைப்பீர்கள், நானும் முதல் பரிசு கொடுப்பேன். ஒரு தடவை கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, ‘மலை உச்சியில பனி இருந்துச்சுன்னா அது என்ன டீச்சர் ஆகும்?’ என்று கேட்டாள். ‘அது பரீட்சைக்கு வராது, உட்கார்’ என்றேன். யார் என்று இன்று முகம் நினைவில்லை. இந்தப் பதிவை அவள் படித்தால், அந்த வகுப்பில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அவளுடையது என்று தெரிந்துகொள்ளட்டும்.

பனி என்ன ஆகும் என்று இப்போது சொல்கிறேன்.

ஆர்மெரோவுக்கு மேற்கே நெவாடோ டெல் ரூயிஸ் என்ற எரிமலை. 5,300 மீட்டருக்கு மேல் உயரம். பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தும் அந்த உயரத்தினால் தலையில் பனிப்பாறைத் தொப்பி. அன்றைய வெடிப்பு எரிமலைக் கணக்கில் பெரிதே இல்லை. ஆனால் கொதிக்கும் சாம்பலும் கல்லும் வாயுவும் கலந்த ஓட்டம் அந்தப் பனியின் மேல் பாய்ந்து, அதைச் சுரண்டிக்கொண்டே உருக்கியது. உருகியது மொத்தப் பனியில் பத்தில் ஒரு பங்குதான். அந்தத் தண்ணீர் லகுனில்லா, குவாலி, சின்சினா முதலிய ஆறுகள் பிறக்கும் பள்ளங்களில் இறங்கிற்று.

வெறும் தண்ணீராக இறங்கியிருந்தால் அது வெள்ளம். எரிமலைச் சரிவில் சாம்பலும் உதிரிக் கல்லும் பாளம் பாளமாகக் கிடக்கும். தண்ணீர் அதை அள்ளும். அள்ளினால் கனம் கூடும், கனம் கூடினால் இன்னும் பெரிய கல்லை அள்ளும் பலம் வரும், கரையை அரிக்கும், மரத்தைப் பிடுங்கும். வட்டி போட்ட கடன் மாதிரி வழியிலேயே பெருகும். ரூயிஸிலிருந்து இறங்கிய சேறு அடிவாரம் சேருவதற்குள் புறப்பட்டபோது இருந்ததைப் போல் மூன்று நான்கு மடங்கானது.

நன்றாகக் கெட்டியான லஹாரில் பாதிக்கு மேல் கல்லும் மண்ணும்தான். வீடு கட்டும் இடத்தில் கலவை இயந்திரத்திலிருந்து கொட்டுகிற கான்கிரீட்டைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் பதம். அந்தக் கான்கிரீட் ஓர் ஆறாக, பஸ் போகிற வேகத்தில், பாறைகளை மேலே சுமந்துகொண்டு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கற்கள் அடியில் தங்கிவிடும் என்று நினைப்போம். அவை மேலேயும் முன்னாலேயும் தள்ளப்பட்டு, ஓட்டத்தின் முகப்பில் பாறையும் மரமுமாக ஒரு சுவர் போல வரும். அதில் நீந்த முடியாது. கால் ஊன்றவும் முடியாது. ஓட்டம் நின்றதும் தண்ணீர் வடிந்து, சேறு இறுகத் தொடங்கும். வெள்ளம் வடிந்தால் வீடு மிஞ்சும். இது வடியாது, அப்படியே படிந்து ஊருக்குப் புதிய தரையாகிவிடும்.

இன்னொன்று: இது பள்ளத்தாக்கை விட்டு மேலே ஏறி அலையாது. மலையிடுக்கில் 50 மீட்டர் உயரம் வரைகூட நிரம்பி வரும், ஆனால் ஆற்றின் வழியைத்தான் பிடித்துக்கொண்டு வரும். மலையிடுக்கு முடிந்து ஆறு சமவெளியில் விரியும் வாயில் விசிறி போலப் பரவும். அதனால் லஹாரிடமிருந்து தப்ப ஊரை விட்டு ஓட வேண்டாம், காரும் வேண்டாம், ஆற்றுப் படுகையை விட்டுப் பக்கத்து மேட்டில் ஏறினால் போதும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் என் கோபம் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்துதான் வருகிறது.

ஆர்மெரோ சரியாக அந்த விசிறியின் மேல் உட்கார்ந்திருந்தது. லகுனில்லா ஆறு மலையை விட்டு வெளியே வரும் வாய். ஏன் அங்கே ஊர்? வளமான மண். பருத்தி அமோகமாக விளைந்தது, ‘வெள்ளை நகரம்’ என்றே பெயர். அந்த வளமான மண் எங்கிருந்து வந்தது? 1845-ல் இதே ரூயிஸிலிருந்து இதே ஆற்றின் வழியாக வந்த லஹார் கொட்டிவிட்டுப் போனது. அப்போது சுமார் 1,000 பேர் இறந்தார்கள். அதற்கு முன் 1595-லும் வந்திருக்கிறது. இரண்டையும் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சேறு காய்ந்து அரை நூற்றாண்டில் அதன் மேல் ஊர் எழுந்தது. 1985-ல் அங்கே சுமார் 29,000 பேர்.

விதி என்கிறீர்களே அண்ணா, அந்த விதி எவ்வளவு அவகாசம் கொடுத்தது என்று பாருங்கள்.

1984 இறுதியிலிருந்தே மலை உறுமியது. 1985 செப்டம்பர் 11-ல் ஒரு வெடிப்பு நடந்து, ஒரு சேற்றோட்டம் 27 கிலோமீட்டர் இறங்கி வந்து மாதிரி காட்டிவிட்டுப் போனது. அக்டோபர் 7-ஆம் தேதி அந்நாட்டின் புவியியல் நிறுவனமான இன்ஜியோமினாஸ் அபாய வரைபடம் வெளியிட்டது. வெடிப்பு நடந்தால் சேறு எந்தெந்த ஆற்றில் வரும், எந்த ஊர் மூழ்கும் என்று வண்ணம் தீட்டிக் காட்டிய படம். ஆர்மெரோ அதில் இருந்தது. பத்திரிகையிலும் வந்தது. நவம்பரில் சேறு வந்தபோது கிட்டத்தட்ட அந்தப் படத்தைப் பார்த்து வந்தது போலத்தான் வந்தது. இப்படி ஒரு வரைபடத்தை நான் என் வாழ்நாளில் எந்தப் பாடத்துக்கும் பார்த்ததில்லை.

அந்தப் படத்துக்கு என்ன மரியாதை கிடைத்தது? பீதி கிளப்புகிறார்கள் என்றார்கள். ஊர் பேர் கெடும், வியாபாரம் படுக்கும், நிலத்தின் விலை விழும் என்றார்கள். அரசாங்கத்தின் கவனமும் வேறிடத்தில் இருந்தது. அதே நவம்பர் 6-ஆம் தேதி தலைநகர் பொகோட்டாவில் ஆயுதக் குழு ஒன்று நீதிமன்ற மாளிகையைக் கைப்பற்ற, மறுநாள் முடிய பெரும் ரத்தக்களரி. அடுத்த வாரம்தான் இது.

13-ஆம் தேதி பிற்பகல் 3 மணி சுமாருக்கு மலை முதல் சாம்பலைக் கக்கியது. 5 மணிக்கு ஆர்மெரோவில் சாம்பல் மழை. ஊரில் வானொலியும் கோயில் ஒலிபெருக்கியும், அமைதியாக இருங்கள், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்றன. 7 மணிக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தினர் வெளியேறச் சொல்லி உத்தரவு கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சாம்பல் விழுவது நின்றது. ஆபத்து நீங்கியது என்று நினைத்து உத்தரவையும் விட்டுவிட்டார்கள். சாம்பல் நின்றதற்கும் சேறு வராததற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. கண்ணில் தெரிகிற ஆபத்து நின்றால் ஆபத்தே நின்றது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம். நம் வீடுகளிலும் உண்டு, காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறோமே.

இரவில் மழையும் இருட்டும். மின்சாரமும் போயிற்று. 9 மணி 8 நிமிடத்துக்கு உண்மையான வெடிப்பு. மேகம் மூடியிருந்ததால் கீழே இருந்தவர்களுக்கு மலை தெரியவில்லை. சேறு ஆர்மெரோவை அடைந்தபோது மணி சுமார் 11:30. ஆற்று வழியில் எரிமலை வாயிலிருந்து ஊர் 74 கிலோமீட்டர். இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் அவகாசம், அண்ணா. நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏறக்கூடிய மேடு ஊருக்கு அருகிலேயே இருந்தது. அந்த 29,000 பேரில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் வீட்டுக்குள் படுத்திருந்தபடியே செத்தார்கள். மலையின் மறுபக்கம் சின்சினாவில் இன்னும் 1,900 பேர். மொத்தம் 23,000.

அமெரிக்கப் புவியியலாளர் பாரி வாய்ட் பின்னாளில் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். தொழில்நுட்பம் தோற்றதாலோ, வெடிப்பு மிகப் பெரிதாக இருந்ததாலோ இது நடக்கவில்லை, மனிதத் தவறுகளும் அலுவலகக் குறுகிய பார்வையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்து நடந்தது என்பது அவர் முடிவு.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்யத்தான் வேண்டும். வெடிக்கும் நாள் எது என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 29,000 பேரை மாதக்கணக்கில் எங்கே கொண்டுபோய் வைப்பது, யார் சோறு போடுவது? ஆர்மெரோவின் மேயரே கவலைப்பட்டு மேலிடத்தைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார், கடைசியில் அவரும் ஊரோடு போனார். இதெல்லாம் உண்மை. ஆனால் மாதக்கணக்கில் யாரும் வெளியேறியிருக்க வேண்டாம். மேலே ஆற்றங்கரையில் ஒரு காவல், கீழே ஒரு மணி, ‘மணி அடித்தால் அந்த மேட்டுக்கு நட’ என்று முன்கூட்டி நாலு தடவை நடந்து பார்த்த ஜனம். இது போதும். இதற்கு எந்த நாடும் ஏழை நாடு இல்லை.

செய்து காட்டினார்களா என்று கேட்பீர்கள். பிலிப்பைன்ஸில் பினடுபோ மலை 1991 ஜூன் 15-ல் வெடித்தது. ரூயிஸை விடப் பல மடங்கு பெரிய வெடிப்பு, அந்த நூற்றாண்டின் மிகப் பெரியவற்றில் ஒன்று. அங்கேயும் ஏழை ஜனம், அங்கேயும் நம்பாத அதிகாரிகள். மோரிஸ் கிராஃப்ட், காத்யா கிராஃப்ட் என்ற பிரெஞ்சுத் தம்பதி எரிமலைகளைப் படம் எடுப்பதே வாழ்க்கையாக இருந்தவர்கள். ஆர்மெரோ அவர்களை உலுக்கிவிட்டது. எரிமலை ஆபத்துகள் என்னென்ன என்று சாதாரண ஜனம் பார்த்தாலே புரிகிற மாதிரி ஒரு படம் தயாரித்தார்கள். அந்தப் படத்தைப் போட்டுக் காட்டித்தான் பினடுபோ பக்கத்து அதிகாரிகளையும் ஜனங்களையும் நம்ப வைத்தார்கள். பல்லாயிரம் பேர் முன்கூட்டியே நகர்த்தப்பட்டார்கள். குறைந்தது 5,000 உயிர் தப்பியது என்று கணக்கு. கிராஃப்ட் தம்பதி அதைப் பார்க்க இல்லை. பன்னிரண்டு நாளுக்கு முன், ஜூன் 3-ல் ஜப்பானின் உன்சென் மலையில் இறந்துபோனார்கள்.

பினடுபோவிலும் எல்லாம் சுபமாக முடியவில்லை. ஈரச் சாம்பலின் கனத்தில் கூரை விழுந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். வெடிப்பு முடிந்தும் லஹார் முடியவில்லை. சரிவில் கிடந்த சாம்பலை ஒவ்வொரு மழைக்காலமும் அள்ளிக்கொண்டு வந்தது. 1995-ல், நாலு வருடம் கழித்து, பகோலோர் என்ற ஊர் புதைந்தது. அங்கே 12 மீட்டர் உயரத் தேவாலயம் ஒன்று பாதிக்குப் பாதி மண்ணுக்குள் போய், இன்று சன்னல்தான் வாசல். இந்தோனேசியாவில் மராபி மலையில் 2024 மே மாதம் அடைமழையில் பழைய சாம்பல் இறங்கி 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘குளிர்ந்த லஹார்’.

வெடிப்பே தேவையில்லை என்பதற்கு நியூசிலாந்து. 1953 டிசம்பர் 24 இரவு ருவாபேஹு மலையுச்சி ஏரியின் கரை உடைந்தது. வெடிப்பு ஒன்றும் இல்லை. இறங்கிய சேறு டாங்கிவாய் என்ற இடத்தில் ரயில் பாலத்தைத் தாக்கிய சில நிமிடங்களில், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறவர்கள் நிறைந்த ரயில் அந்தப் பாலத்தில் ஏறியது. 151 பேர். அதே ஏரி 2007 மார்ச்சில் மறுபடி உடைந்தது. இந்த முறை உணர்கருவிகள் வைத்திருந்தார்கள், எச்சரிக்கை ஒலித்தது, ரயிலையும் சாலையையும் நிறுத்தினார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. மலை அதே, ஏரி அதே, ஆறு அதே. 1953-ல் இருந்த விதி 2007-ல் எங்கே போயிற்று என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

‘நம்ம ஊர்ல எரிமலையே இல்ல, உங்களுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு கோபம்’ என்று ஒரு மாணவன் தனியே செய்தி அனுப்பினான். இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமானில் பாரன் தீவு ஒன்றுதான், அங்கே குடியிருப்பவர் யாரும் இல்லை, வாஸ்தவம். என் கோபத்துக்குக் காரணம் அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன். பெயர் சொல்ல மாட்டேன், படித்ததும் அவனுக்கே தெரியும்.

போன மாதம் அவன் வீடியோவில் கூப்பிட்டுப் புது வீட்டைச் சுற்றிக் காட்டினான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம், டகோமா பக்கம், பியூயாலப் ஆற்றுப் பள்ளத்தாக்கு. சமையலறைச் சன்னலில் பனி மூடிய மலை. ‘ரெய்னியர் மலை டீச்சர், என்ன அழகு பாருங்க’ என்றான். நான், ‘அது எரிமலையாச்சேடா’ என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, ‘ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு டீச்சர், குழம்பு இங்க வரைக்கும் வராது’ என்றான்.

குழம்பு வராது. சரிதான். அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்தானே!

தம்பி, ஆர்மெரோ 74 கிலோமீட்டர். ரெய்னியர் 4,392 மீட்டர், ரூயிஸை விட மிக அதிகமான பனிப்பாறை சுமக்கிற மலை. சுமார் 5,600 வருடங்களுக்கு முன் அதிலிருந்து இறங்கிய ஓசியோலா சேற்றோட்டம் கடல்வரை போயிருக்கிறது. சுமார் 500 வருடங்களுக்கு முன் எலெக்ட்ரான் என்ற சேற்றோட்டம் உன் பள்ளத்தாக்கிலேயே வந்தது. அதற்குக் காரணமாக ஒரு வெடிப்பு நடந்ததற்கு அடையாளமே இல்லை, மலையின் ஒரு பக்கம் உள்ளுக்குள் மக்கிப்போய்ச் சரிந்திருக்கிறது. உன் வீட்டுக்கு மேலே ஓர்டிங் என்ற ஊரில் வீடு கட்டத் தோண்டினால் அந்தச் சேற்றில் புதைந்த பழங்காட்டு மரங்களின் அடிக்கட்டைகள் கிடைக்கின்றன.

உன்னை வீட்டை விற்றுவிட்டு வா என்று சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்கள் விவரமானவர்கள். 1998 முதல் ஆற்றில் தரையதிர்வைக் கவனிக்கும் கருவிகள் வைத்திருக்கிறார்கள், சைரன் வைத்திருக்கிறார்கள். ஓர்டிங்குக்கு ஒரு மணி நேரம்போல அவகாசம் கிடைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2024 மார்ச்சில் அந்தப் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூடங்கள் சேர்ந்து 40,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை மேட்டுக்கு நடத்திப் பயிற்சி கொடுத்தன. டீச்சர்கள் முன்னே நடக்க, பிள்ளைகள் வரிசையாகப் பின்னே. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 33 வருடத்தில் ஒரு பிள்ளையையும் நான் அப்படி எங்கேயும் நடத்திக் கூட்டிப்போனதில்லை, படம்தான் வரைந்தேன்.

ஆகவே உனக்கு வீட்டுப்பாடம். உன் பெண் எந்தப் பள்ளியில் படிக்கிறாள், சைரன் ஒலித்தால் அவர்கள் எந்த மேட்டுக்கு நடப்பார்கள் என்று கேள். உன் வீட்டு வாசலிலிருந்து மேட்டுக்கு எந்தத் தெரு வழியாக, எத்தனை நிமிடம் என்று ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நடந்து பார். காரை எடுக்காதே, அன்றைக்கு எல்லோரும் எடுப்பார்கள். பெண்ணைப் பள்ளியில் போய் அழைத்து வருகிறேன் என்று பள்ளத்துக்குள் இறங்காதே, அவளுடைய டீச்சர் அவளை மேட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். நிமிடக் கணக்கை எனக்கு இங்கேயே கீழே எழுது. ‘ஓகே டீச்சர்’ என்று கட்டைவிரல் பொம்மை போட்டால் மதிப்பெண் கிடையாது.

அண்ணா, அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுக்க வேண்டாம். இருக்கட்டும். கீழே உள்ள வரிகளை மட்டும் மாற்றுங்கள். அவள் பெயரையும், வரைபடம் வெளியான தேதியையும், 9 மணி 8 நிமிடத்தையும், 11:30-ஐயும் போடுங்கள். எழுத வரவில்லை என்றால் போன் பண்ணுங்கள், நான் சொல்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம், மாத்திரை போட்டுத் தூங்கிவிடுவேன்.